அத்தை கல்யாணக் கேசட்டில் ஒலிக் கோளாறு

சத்தம் வரவில்லை என்றால் முதலில் வால்யூமைப் பார்க்க வேண்டும். ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பதினேழு வருடம் குப்பை கொட்டிவிட்டு, முப்பத்தைந்து வயதிலேயே ஓய்வூதியக்காரனாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியிருக்கும் எனக்கு, இந்த விதி பன்னிரண்டு வயதிலேயே தெரியும். தெரிந்ததுதான் வினை.

அப்பாவின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோது நான் கைக்குழந்தை. வடமதுரைக்கு வாழப் போன அத்தை ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் இறந்துபோனாள் என்றார்கள். காய்ச்சலுக்கு எதற்குப் போலீஸ் வந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. மிஞ்சியது கல்யாணக் கேசட். அக்கால வழக்கப்படி வீடியோக்காரர் அதன்மேல் சினிமாப் பாட்டுகளை ஏற்றியிருந்தார். அத்தை வாயசைப்பாள், எவளோ பாடுவாள். அத்தையின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கேசட்டில் பூஞ்சை பிடித்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டிவிடியாக மாற்றக் கொடுத்தோம். வந்த தட்டில் பாட்டு ஒன்றுகூட இல்லை. மேளமும் கூச்சலும்தான் கேட்டன. நிலக்கோட்டை மல்லிகை மாலைக்குள் குனிந்திருந்த அத்தை, பக்கத்தில் நின்ற அப்பாவிடம் ஏதோ முணுமுணுத்து வாயை மூடினாள். நாலு விநாடி கழித்து, அந்த மூடிய வாயிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இன்னும் தாலி கட்டல. என்னயக் கூட்டிட்டுப் போயிரு."

"அது வேற யாரோ கூட்டத்துல பேசுறது" என்றார் அப்பா.

நான் விடவில்லை. மறுநாளே அவரைக் கடைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரர் சிரித்தார். "கேசட்ல சத்தத்துக்கு ரெண்டு தடம்ணே. பாட்டை ஒண்ணுலதான் ஏத்துவாங்க. கல்யாணச் சத்தம் இன்னொண்ணுல அப்படியே கெடக்கும். உங்க வீட்டு டெக்குக்கு அது எட்டாது. என்னுது எடுத்துருச்சு."

"வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமாப் போகுதே?" என்றேன்.

"ஏலே, நல்லாத்தான் பாத்துருக்க! கம்ப்யூட்டர்ல ஏத்துனப்ப படத்தோட வேகத்துக்குச் சத்தத்தோட வேகம் ஒத்துவரல. அதான் போகப் போகப் பிந்துது. செத்த நேரம் இரு."

மாற்றினார். உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன. அந்தச் சொற்கள் அத்தையின் வாயிலிருந்தே வந்தன. அடுத்து, திரையில் நின்ற அப்பாவின் உதடு அசைந்தது.

"சும்மா இரு. அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க."

கடைக்காரர் திரும்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையபடி பாட்டைப் போட்டுக் குடு தம்பி" என்றார் அப்பா. வாசல்வரை போனவர் நின்றார். "இதுலயும் ஒண்ணு குடு."

பாட்டுள்ள தட்டுகள் சொந்தக்காரர்களுக்குப் போயின. மற்றது பீரோவுக்குள் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் ஓடினேன். அப்பா தனியாக அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் துளிச் சத்தம் இல்லை. திரையில் அத்தை வாயசைத்தாள். அவள் வாய் மூடியதும் நாற்காலியிலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார்.

"வாத்தா, போவோம்."

பின்னுக்கு ஓட்டினார். அத்தை மறுபடி கேட்டாள். அவர் மறுபடி, "வாத்தா, போவோம்" என்றார்.

சத்தம் வராததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "இருப்பா, நான் சரி பண்றேன்" என்று ரிமோட்டை வாங்கி வால்யூமைக் கூட்டினேன்.

"சும்மா இரு. அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க" என்றது டிவி, வீடு அதிர.

கோளாறைத் தீர்த்துவிட்ட பெருமையில், ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு விளையாட ஓடினேன்.