நாயிடம் சொன்ன கல்யாணம்

மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது தன் லாப்ரடார் குட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். குட்டி என்று அவன்தான் சொல்கிறான். எனக்கு அது கன்றுக்குட்டி. காலையில் வெளியே கூட்டிப் போகாவிட்டால் சோபாவைத் தின்றுவிடும் என்று எச்சரித்திருந்தான். எனக்கு நாயும் தெரியாது, நடையும் பழக்கமில்லை. உரக்கடையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான்.

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டிலிருந்து வயல் பக்கமும் நடக்கலாம், கோயில் பக்கமும் நடக்கலாம். அதற்கு இரண்டும் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு தெரு இருக்கிறது, முதல் நாளே அதற்குள்தான் இழுத்துக்கொண்டு போனது. போய், என் அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால் நடுரோட்டில் படுத்துக்கொண்டது. அங்கே நிழல் கிடையாது, தின்ன ஒன்றும் கிடையாது. ஏன் அந்த இடம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அக்காவும் நானும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அப்பாவின் வீட்டைப் பாகம் வைத்த அன்று நாலு பேர் முன்னால் வார்த்தை தடித்துவிட்டது. யார் முதலில் வாயை விட்டது என்பதில் அவளுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. அதற்குப் பிறகு, நாய் இழுத்துப் போகும்வரை, அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை. இப்போது அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணை மணமேடைக்குக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டிய தாய்மாமன் நான். ஊர் முழுக்கக் கார்டு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் கார்டு மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து, முகம் பார்த்து, வாய் திறந்து விளிக்க வேண்டும். விளி இல்லாமல் போனால் தாய்மாமனும் சோற்றுக்கு வந்தவன்தான். எனக்குக் கார்டும் வரவில்லை, விளியும் வரவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தன்று கடையில் உட்கார்ந்து யூரியா விற்றுக்கொண்டிருப்பேனோ என்று உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. வெளியே சொல்வேனா?

இந்த நிலைமையில்தான் நாய் அந்த வாசலில் படுத்தது. கயிற்றை இழுத்தேன். கெஞ்சினேன். மகன் போனில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் கட்டளைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அது நாலு காலையும் நீட்டி இன்னும் வசதியாகப் படுத்தது. எதிரே டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் சண்டை தெரியாதவர்கள் அந்தக் கடையில் யாருமில்லை.

“அண்ணாச்சி, அதுக்காவது ரோசம் இல்லாம இருக்கே” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

எனக்குச் சுருக்கென்றது. கயிற்றை மறுபடி இழுக்கும்போதே கேட் திறந்தது. கையில் ஹோஸ் பைப்புடன் அக்கா. தலை நன்றாக நரைத்திருந்தது. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாய் பக்கம் தண்ணீரைக் காட்டினாள், அது படுத்தபடியே நக்கிக் குடித்தது.

“ஏலே, இவ்வளவு நாளா எங்கலே போயிருந்த?” என்றாள் நாயிடம். “ஆவணியில நம்ம வீட்டுல கல்யாணம். வீட்டுல உள்ள எல்லாரையும் கூட்டிட்டு வரணும், கேட்டியா?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாய் எழுந்து, எல்லாம் முடிந்தது என்பதுபோல் வீட்டைப் பார்த்து நடந்தது. எனக்குத்தான் ஒன்றும் முடியவில்லை. இது விளியா, இல்லையா? ‘வீட்டுல உள்ள எல்லாரும்’ என்றால் நானும் உண்டா? இல்லை, நாயிடம் சொன்னாலும் சொல்வேன், உன்னிடம் சொல்லமாட்டேன் என்று குத்திக் காட்டுகிறாளா? ‘நம்ம வீடு’ என்றாளே, யாரைச் சேர்த்து ‘நம்ம’? வீடு வந்து சேர்வதற்குள் தலை சுற்றிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “மைனி ஒங்க மொகத்தப் பாத்தா சொன்னாங்க?”

“நாய் மொகத்தப் பாத்து.”

“அப்ப விளி நாய்க்குத்தான். அதுக்கு ஒரு பட்டுவேட்டி எடுத்துக் குடுங்க.”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபம் வந்தது. ராத்திரி மகனுக்கு போன் செய்து கேட்டால், “அப்பா, நீங்களே போய்க் கேளுங்க” என்கிறான். கேட்டு வாங்குவதற்கு விளி என்ன ரேஷன் அரிசியா?

மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டேன். தேய்த்த சட்டை போட்டேன். நாயை நடத்துவதற்கா இத்தனை ஜோடனை என்று மனைவி கண்ணாலேயே கேட்டாள், நான் பார்க்காத மாதிரி இறங்கிவிட்டேன். இன்றும் அது படுக்கட்டும், அவள் வரட்டும், இன்னொரு வார்த்தை சொன்னால் தெளிந்துவிடும்.

நாய் அந்தத் தெருவுக்குத்தான் போனது. ஆனால் அக்கா வீட்டு கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நடந்தது. கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். அது முன்னால் இழுத்தது. நான் பின்னால் இழுத்தேன். “இரி மக்கா, கொஞ்சம் இரி” என்று முதுகை அமுக்கினேன். இரண்டு கையாலும் அமுக்கினேன். அசையவில்லை. நேற்று எழுப்ப முடியாத பிராணியை இன்று உட்கார வைக்க முடியவில்லை. சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது.

டீக்கடையிலிருந்து குரல் வந்தது: “அண்ணாச்சி, அது போணும்ங்கு. நீங்கதான் விடமாட்டேங்கிய!”

கடையே சிரித்தது. அவமானத்தில் காது சூடாகிவிட்டது. போய்விடலாம் என்று கயிற்றைத் தளர்த்தியபோது கேட் சத்தம் கேட்டது. அக்கா வந்து நின்றாள். நேற்றைப் போலவே கண் நாயின் மேல்தான்.

“ஏம்லே இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?” என்றாள். “நேரத்துக்குத் திங்கியா இல்லியா?”

நான் நாயைப் பார்த்தேன். அகன்ற முதுகும் தொங்கும் வயிறுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து மெலிந்துவிட்டாய் என்று கண் தெரிந்த யாரும் சொல்லமாட்டார்கள்.

“திங்கேன்க்கா” என்றேன்.

“கிழிச்ச” என்றாள். இப்போது என்னைத்தான் பார்த்தாள். “சாயங்காலம் கடைய நேரத்தோட பூட்டிட்டு வீட்டுல இரி. நான் வாறேன்.”