ஏலமலை ஜீப்பின் முன்சீட்டு

எழுபதுகளில் போடியிலிருந்து ஏலமலைக்கு ஜீப்பு ஓட்டியவன் நான். வண்டி ஓட்டிப் பிழைத்த சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? மலை வளைவில் வண்டியைத் திருப்பிவிடலாம். வண்டிக்குள் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று தீர்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

இரட்டைக் கட்டணம்

ராசிங்காபுரத்துப் பண்ணையார் முன்சீட்டு முழுவதுக்கும் பணம் கொடுப்பார். காலனி ஆட்கள் யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது, அதற்குத்தான். பின்னால் ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள் ஒருவர் மடியில் ஒருவராக நசுங்குவார்கள்.

ஒருநாள் பண்ணையார் வரவில்லை. காலனி வீராயி, வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்குப் போகும் மகளை முன்னால் உட்காரவைக்க அதே இரட்டைக் கட்டணத்தை நீட்டினாள். துட்டென்றால் வாயைப் பிளக்கும் எங்கள் ஓனர் கையை இழுத்துக்கொண்டார். "அவ துட்டு இன்னைக்கு வரும். அதை வாங்கினா பண்ணையார் துட்டு என்னைக்கும் வராதுப்பா."

போட்டி வண்டி

இஸ்மாயில் ராவுத்தர் புது ஜீப்பு இறக்கினார். முதலில் வந்தவருக்கு முன்சீட்டு. வீராயி மகள் அதில் ராணி மாதிரி போனாள். நாங்கள் ஈ ஓட்டினோம். ஓனர் இனி தானாக வழிக்கு வருவார் என்று நம்பினேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வழிக்கு வந்தது ராவுத்தர். அந்த வண்டியில் வருகிறவர்களுக்கு வேலை இல்லை என்று ஏலத்தோட்ட முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஏலக்காய் லோடும் நின்றுபோனது. ராவுத்தர் என்னிடம் வந்து பீடி பற்றவைத்தார். "மாப்ளே, புது வண்டி, வாடகையும் கொறைச்சுப் பாத்துட்டேன். இவுகளுக்கு அது வேணாமாம்ல."

ஒற்றை யானை

எல்லாரும் மறுபடி எங்கள் வண்டிக்கே வந்தார்கள். ஒருநாள் வளைவில் ஒற்றை யானை. முன்சீட்டுக்குக் கதவு கிடையாது. பண்ணையார் எப்படித் தாண்டினாரோ, பின்னால் வீராயிக்கும் மகளுக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டார். வீராயியின் கையை வேறு இறுகப் பிடித்திருந்தார். யானை சாவகாசமாக இறங்கிப் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. "ஆனை போயி வெகுநேரமாச்சு சாமி. வெரசா முன்னாடி போங்க, எம்மகளுக்கு மூச்சு முட்டுது."

இன்ஸ்பெக்டர்

மறுநாளே வீராயி போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தாள். தீண்டாமைச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் ஓனரையும் தோட்ட முதலாளிகளையும் மிரட்டினார். அடுத்த நாள் ஓனரே முன்சீட்டைத் துடைத்து, வீராயி மகளை ஏறச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பண்ணையார் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். வீராயி ஓனரைப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா சோலி? இதுக்கா எம்மகளை இத்தனை நாளு போட்டுக் குலுக்குனீக?"

துட்டாசையால் திருந்தாத எங்கள் ஓனரை லாக்கப் பயம் திருத்திவிட்டது. பண்ணையாரை முழுசாகத் திருத்துவதென்றால், அந்த யானையைச் சம்பளம் கொடுத்து வண்டிக்கு முன்னால் நடக்கவிட வேண்டும்.