குத்தூசிக்காரருக்கு ரெண்டு குத்து

கிருமாம்பாக்கம் பலராமன் குத்தூசி இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார். நெல் தரகராயிற்றே! மூட்டையில் ஊசியை ஒரு சொருகு சொருகி, அதன் குழிவில் வரும் நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் போதும், பிரிக்காமலேயே மூட்டையின் வண்டவாளம் தெரிந்துவிடும். மற்றத் தரகர்கள் குத்திவிட்டு அப்படியே போவார்கள். இவர் மட்டும் ஓட்டையைக் கட்டைவிரலால் தேய்த்து, சாக்கு இழையை ஒன்று சேர்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு நெல் சிந்தக் கூடாது அவருக்கு.

அப்பேர்ப்பட்ட மனிதர், தன் முதுகில் ஊசி என்றதும் ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. கிட்னியிலிருந்து புரதம் ஒழுகுகிறது, மாத்திரையில் தீருமா டயாலிசிஸ் வரை இழுக்குமா என்பது முதுகு வழியாக ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்தால்தான் தெரியும் என்று டாக்டர் அர்ச்சனா சொல்லியிருந்தார்.

"ஊர்ல இருக்கிற மூட்டையெல்லாம் குத்துனியே, உன்ன ஒருத்தரு குத்தக் கூடாதா? கெளம்புய்யா!" என்று மனைவி அம்சவள்ளி ஒருநாள் காலையில் அவரைப் பாண்டி பஸ்ஸில் ஏற்றியேவிட்டாள்.

குப்புறப் படுக்கவைத்து, இடத்தை மரத்துப்போகச் செய்தார்கள். "மூச்சப் பிடிச்சுக்கங்க ஐயா," என்றார் டாக்டர். டக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"எத்தினி குத்தும்மா?"

"ரெண்டே ரெண்டு. முடிஞ்சுது."

"எடுத்தத கொஞ்சம் காட்டுங்களேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே நூல் துண்டு மாதிரி இரண்டு கிடந்தன.

"இத்தவச்சு இன்னாம்மா தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பலராமன் நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக விவசாயிகள் அவரிடம் கேட்கும் கேள்வியாயிற்றே அது!

குத்திய இடத்தை நர்ஸ் விரலால் அழுத்திப் பிடித்தபடி நின்றார். ஐந்து நிமிஷம் ஆகியும் கையை எடுக்கவில்லை. இது பலராமனுக்குத் தெரிந்த வேலை. ஒரு மாதமாக இருந்த பயம் அப்போதுதான் விட்டது.

பிறகு மல்லாந்து ஆறு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்கள். கொசு கடித்தால்கூட, "ஆடாதய்யா!" என்று அம்சவள்ளியே விரட்டினாள்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. "பயப்படாதீங்க. இது மாத்திரைக்குக் கேக்கிற வகை," என்றார் டாக்டர். அம்சவள்ளி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பலராமனுக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் டாக்டருக்கு இரண்டு முறை கும்பிடு போட்டார்.

அடுத்த அறுப்புக்குள் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு காலில் ஏறியது. பாகூர்க் களத்தில் முதல் மூட்டையைக் குத்தினார். நெல்லைப் பார்த்தார், தலையாட்டினார். ஓட்டையைக் கட்டைவிரலால் வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, மூட்டையைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆறு மணி நேரம் ஆடாம படுத்துக் கெட. ஒண்ணும் ஆவாது."