மஞ்சள் பூசிய நாலாவது மூலை

“வரப்புல கால் வைக்காமலே ஆண்டிமடம் காடு மொத்தத்தையும் அளந்து தரேன். ஒரு சென்ட் குறைஞ்சா என்னைக் கேளுங்க.”

2006இல், முந்திரி விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் மைக் இல்லாமலே இப்படி முழங்கியவர் இளையபெருமாள். ஜெயங்கொண்டத்தில் தன் வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு டேபிள் ஃபேனையும் ஆண்டுவந்தவர்.

மைத்துனர் சின்னதுரை ஜி.பி.எஸ். கருவியோடு காடுகாடாக நடந்து, மூலைக் கற்களைக் குறித்து வருவார். கருவி தருவது வெறும் புள்ளிகள். வரைபட மென்பொருளோ மூடிய வடிவத்தைக் கொடுத்தால்தான் பரப்பளவைச் சொல்ல வாய் திறக்கும். புள்ளிகளை வடிவமாக மாற்ற இளையபெருமாள் பைதான் என்ற கணினி மொழியில் நாற்பது வரி எழுதியிருந்தார். அதில் கடைசி வரி அவருடைய செல்லப்பிள்ளை. தொடங்கிய புள்ளியையே முடிவில் இன்னொரு தடவை சேர்த்து வடிவத்தை மூடிவிடும். எழுதிய அன்று மனைவி மலர்கொடிக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். அந்த அம்மாள் பொறுமைசாலி.

இருநூற்றுப் பன்னிரண்டு முந்திரிக் காடுகளின் பரப்பளவுப் பட்டியல் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே முந்திரி விவசாயி செங்கமலம் மாடிப்படி ஏறி வந்தார்.

“ஏந் தம்பி, எங் காட்டுல பாதிய எங்க வச்சிருக்க?”

“என்னக்கா?”

“எனக்கு ரெண்டு ஏக்கர். பட்டியல்ல ஒண்ணுன்னு இருக்கு. நாளைக்கு ஒட்டுக்கன்னு லாரி வருது. பட்டியல்ல உள்ளபடிதான் எறக்குவாங்களாம். மீதிக் காட்டுல ஒன் கம்ப்யூட்டரயா நடுறது?”

இளையபெருமாள் பதறவில்லை. மேதைகள் பதறுவதில்லை. அந்தக் காட்டின் கோப்பைத் திறந்து விரல்விட்டு எண்ணினார்.

“பாருங்கக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு புள்ளி, நாலு மூலை. எல்லாம் சரியா இருக்கு.”

செங்கமலம் திரையை உற்றுப் பார்த்தார். “மொதல்ல உள்ளதும் கடைசில உள்ளதும் ஒரே நம்பரா இருக்கே. ரெட்டப் புள்ளையா?”

இளையபெருமாள் மறுபடி விரல்விட்டு எண்ணினார். செல்லப்பிள்ளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. இருந்தது மூன்று மூலை. நாலாவதாக நின்றது மூட வந்த முதல் புள்ளி. செங்கமலத்தின் காடு சமோசாவாகியிருந்தது.

மூலையில் மிக்சர் தின்றுகொண்டிருந்த சின்னதுரையிடம் விசாரணை நடந்தது.

“மூணு கல்லுதான் மாமா இருந்துச்சு. நாலாவது எடத்துல சாமி இருந்துச்சு. மஞ்சப் பூசி, எலுமிச்சம்பழம் வச்சு. கும்புட்டுட்டு வந்துட்டேன்.”

“அந்தக் கல்லுதான்யா சாமி,” என்றார் செங்கமலம். “அத நட்டதுலேருந்து பக்கத்துக் காட்டுக்காரன் வம்புக்கு வரல. கும்புடாம என்ன செய்வோம்?”

“சரி, நீயே போய் அதக் குறிச்சிட்டு வா,” என்றார் இளையபெருமாள் மைத்துனரிடம்.

“சாமி தலமேல மிஷின நீட்டச் சொல்றீங்களா? எனக்கு ரெண்டு புள்ளைங்க மாமா.”

பட்டியலைத் திருத்த மாலை வரைதான் நேரம். அடுத்த பஸ்ஸில் செங்கமலத்தின் பக்கத்தில் மடியில் கருவியோடு உட்கார்ந்திருந்தவர் இளையபெருமாள்.

முந்தின நாள் மழை. கல்லுக்குப் பத்தடி முன்னாலேயே செங்கமலம் திரும்பிப் பார்த்த பார்வையில் செருப்பு தானாகக் கழன்றது. கணுக்கால் புதைய வரப்பில் நின்று, எலுமிச்சம்பழத்துக்கு மேலே கருவியைப் பிடித்தார். அது புள்ளியைப் பிடிக்கும்வரை, எதற்கும் இருக்கட்டுமென்று ஒருமுறை கும்பிட்டும் கொண்டார்.

மாலையில் கோப்பில் ஐந்து புள்ளிகள் நின்றன. பட்டியலில் இரண்டு ஏக்கர்.

“எங்க போயிட்டு வரீங்க, நெத்தியில மஞ்சளோட?” என்றார் மலர்கொடி.

“சும்மா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு இளையபெருமாள் காலில் தண்ணீர் ஊற்றினார். அது வாசல்வரை செம்மண்ணாக ஓடியது.