நிற்கிற கால்

வலி முதலில் வந்தது இடது கணுக்காலின் வெளிப்பக்கத்தில். மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. முகூர்த்த மாதம், பிளவுஸ் துணிகள் குவிந்து கிடந்தன. மெஷினை விட்டு எழுந்தபோது கணுக்காலில் எறும்பு ஊறுவது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பைக் காணோம்.

சில வாரங்களில் அது தொடையின் பக்கவாட்டில் ஏறி இடுப்பு வரை வந்துவிட்டது. உட்கார்ந்தால் இழுத்தது, எழுந்தால் குத்தியது. தும்மினால் கண்ணில் நீர் வந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கு அப்படியொரு வலி இருந்தால், நான் மேற்கொண்டு வர்ணிக்கத் தேவையில்லை.

கணுக்காலில் தைலம் தேய்த்தேன். பிறகு வேறு தைலம், அதற்கு மேல் களிம்பு, அதற்கு மேல் சுடச்சுட நொச்சி இலை. அந்தக் கலவை நாற்றத்தை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. ஒரு நாள், தைத்துக் கொடுத்த பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள் ஒரு பெண். "என்னக்கா, இது பிளவுஸா, பத்துப் போட்ட துணியா? பொண்ணு பாக்க வந்தவங்க மூக்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க." எனக்கு என் மீதே வெறுப்பாக இருந்தது. தைத்துத்தான் சாப்பிடுகிறேன். உட்காரவும் முடியாமல், துணியும் நாறிப்போனால் கடை எங்கே இருக்கும்?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் காலால் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் முதுகுப்பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாவாடை கட்டிய வயதிலிருந்து இந்த ஊர் முதுகுகளை உதைத்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் யாராவது வாசலில் நிற்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டுவார்கள். நான் இடது காலில் நின்று வலது காலால் உதைப்பேன். அழுகிய தக்காளிச் சாறு காய்ந்த பனியன்கள், வேர்க்குரு வெடித்த முதுகுகள், புகையிலை வாசனை, குளிக்காத உடம்பின் புளிப்பு. உள்ளங்காலில் அந்த வேர்வையின் பிசுபிசுப்பு ஒட்டும். ஒவ்வொரு உதைக்குப் பிறகும் குழாயடிக்குப் போய்க் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். அவர்கள் எல்லோரும் சுகமாகிப் போனதாகத்தான் சொன்னார்கள். எனக்கு வந்ததும் நானும் ஊரார் செய்வதையே செய்தேன். என்னை உதைக்க ஆள் தேடினேன்.

"ஊருக்கே வைத்தியம் பண்றவ, உனக்கு வைத்தியத்துக்கு ஊர் ஊரா போறியா?" என்று சிரித்தார் என் கணவர் முருகேசன். ஓசூருக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவர். சிரித்தாலும் பாப்பாரப்பட்டியில் ராஜம்மா என்று ஒருவர் இருப்பதை விசாரித்து வந்து, அவரே கூட்டிப்போனார்.

ராஜம்மாவும் காலால் பிறந்தவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரட்டை நாடி உடம்பு. குதிகால் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. வெடிப்புக்குள் விளக்கெண்ணெயும் மண்ணும் கருப்பாகக் கட்டியிருந்தன. அந்தக் கால் என் இடுப்பில் படப்போகிறது என்று நினைத்ததுமே உடம்பு கூசியது. இத்தனை வருடங்களாக என்னிடம் முதுகைக் காட்டியவர்களுக்கும் கூசியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

உதைத்தார். கண் இருண்டது. சுவரில் மூக்கை இடித்துக்கொண்டேன்.

சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பும்போது ராஜம்மா கையைப் பிடித்தார். "கண்ணு, எனக்கும் இடுப்புலருந்து கால் வரைக்கும் இழுக்குது. நீயும் காலால பொறந்தவதான? ஒரு உதை உதைச்சிட்டுப் போயிரு. யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

உதைத்தேன். வலிக்கிற காலிலேயே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அவரை உதைத்தேன். முருகேசன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அவர் சிரிக்கவில்லை. நான் வண்டியின் பின்னால் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே குப்புறப் படுத்து வந்தேன். மறுநாள் கழிவறைக்குப் போகவே அவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். தண்டுவடத் தட்டு (முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) சற்றுப் பிதுங்கியிருக்கிறது, சயாட்டிகா (முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு நசுங்கி வரும் வலி) என்றார் மருத்துவர். என் காலைத் தொடவில்லை. கணினித் திரையைத்தான் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிடலாம். தையல் வேலையை மறந்துடுங்க." வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றேன். பினாயில் நாற்றமும் கேன்டீன் சாம்பார் வாசனையும் ஒன்றாக வந்தன. வாந்தி எடுத்தேன்.

இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் முருகேசன். தருமபுரியில் தசை, மூட்டு மறுவாழ்வுச் சிகிச்சை பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேனையும் பார்த்தார். ஆனால் அதற்கு முன் என்னைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைத் தூக்கச் சொன்னார், கட்டைவிரலை மடக்கச் சொன்னார், ஊசிமுனையால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு பிட்டத்தின் பக்கவாட்டில், கால்சட்டையில் பக்கப்பை வருகிற இடத்தில், விரலால் அழுத்தினார். நான் அலறினேன். வலித்தது அந்த இடத்தில் மட்டுமல்ல. கணுக்காலில் அதே எறும்பு ஊறியது.

"இதான்ங்க உங்க வலியோட வூடு. கணுக்கால்ல தைலம் தேச்சு என்ன பிரயோசனம்?"

தசை முடிச்சு என்று விளக்கினார் (ட்ரிக்கர் பாயிண்ட், தசை நார் ஓரிடத்தில் இறுகிப்போய் விடாமல் பிடித்திருப்பது. முடிச்சு ஓரிடம், வலி வேறிடம்). தட்டுப் பிதுக்கம் என் வயதில் வலியே இல்லாத பலருக்கும் இருக்குமாம். என் காலில் பலமோ உணர்வோ குறையவில்லை, அதனால் கத்தியை எடுக்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம் என்றார். பிறகு கேட்டார்: "ஒத்தக் கால்ல நிக்கற மாதிரி எதாச்சும் வேலை செய்யறீங்களா?"

நான் உதைப்பதைப் பற்றி முருகேசன்தான் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருசமா?"

"அஞ்சாறு வயசுலருந்துங்க" என்றேன்.

"உதைக்கற காலுக்கு ஒண்ணுமில்ல. உடம்பு பூராவையும் தாங்கி, ஆடாம புடிச்சுக்கிட்டு நின்னது இந்தக் காலு. அது எப்படிங்க தாங்கும்?"

ஒரு ரப்பர் பந்து வாங்கி, சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவே வைத்து, மெதுவாகச் சாய்ந்து, பொறுக்கக்கூடிய வலி வரும்வரை மட்டும் அழுத்தி, சில மூச்சு இழுத்து விட்டு, விலக வேண்டும். பிறகு வெந்நீர் ஒத்தடம். அவ்வளவுதான் மருந்து. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அருவருப்பாகவும் இருந்தது. ஊரில் பாதிப் பேரின் முதுகு என் காலுக்குத் தெரியும். என் பிட்டத்தை நான் கையால் தடவிப் பார்த்ததே கிடையாது. குளிக்கும்போதுகூட அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுகிற இடம். அங்கே தொளதொளவென்ற சதைக்குள் பட்டாணி மாதிரி ஒன்று உருண்டது. தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். பந்தோ வேர்வையில் நனைந்து, தலைமுடியும் நூல்பிசிறும் ஒட்டி, செத்த எலி போலக் கிடக்கும். அதைப் பார்த்தால் சோறு இறங்காது.

அப்புறம் நான் செய்ததுதான் முட்டாள்தனம். உதைத்தால்தான் விடும் என்று ஊறிப்போன புத்தி. பொறுக்கக்கூடிய வலி போதாது என்று தரையில் பந்தைப் போட்டு முழு எடையையும் இறக்கி உருண்டேன். பிட்டம் கன்றிக் கருநீலமாகிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "அழுத்தச் சொன்னேன், உதைக்கச் சொல்லலையே! உங்க உடம்பு உங்களுக்கு என்ன விரோதியா?" நான் அழுதுவிட்டேன். ஆமாம், விரோதியாகத்தான் நினைத்திருந்தேன்.

அதன்பிறகு சொன்னபடி செய்தேன். வாசலில் வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பினேன். "வந்த வரத்தை வேணாங்கறா பாரு" என்று காதுபடவே பேசினார்கள். துணி கொடுப்பதைச் சிலர் நிறுத்தினார்கள். வலி ஒரே நாளில் போகவில்லை. கணுக்காலை விட்டு முழங்காலுக்கு ஏறியது, ஒரு வாரம் திரும்பவும் இறங்கியது, பிறகு தொடையோடு நின்றது. ஒரு நாள் ஒரு பிளவுஸ் கை முழுவதையும் எழுந்திருக்காமல் தைத்துவிட்டேன் என்பது முடித்த பிறகுதான் உறைத்தது. மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கால்வலியும் தசை முடிச்சல்ல. பாதம் தொங்கினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ பந்தைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சேலத்து மருத்துவர் சொன்னது சிலருக்கு உண்மையாக இருக்கும். எனக்கு இல்லை.

சென்ற மாதம் ராஜம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். நொண்டிக்கொண்டே படியேறி, சுவரைப் பிடித்து முதுகைக் காட்டினார். "உதை கண்ணு. அன்னைக்கு நீ உதைச்சதுல நாலு நாளு நல்லா இருந்துச்சு."

"இனி உதைக்கறதில்லைங்க. எந்தக் காலு இழுக்குது?"

யோசித்தார். "நிக்கற காலு."

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அதே விளக்கெண்ணெய் நாற்றம், அதே குதிகால். எனக்குத் தெரிந்த அந்த இடத்தில் கட்டைவிரலை மெதுவாக வைத்தேன்.

"ஆத்தா! கணுக்கால்ல இழுக்குதுடி!"

விரலை அசைக்காமல் வைத்திருந்தேன். அவர் மூச்சு தணிகிறவரை காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முன்பெல்லாம் என் நேரம் பிளவுஸ் கணக்கில் ஓடும். இப்போது ஒரு தசை எப்போது விடுமோ அதுவரை என்று காத்திருக்கப் பழகியிருக்கிறேன். அந்த மருத்துவரைப் பார்த்துவிடும்படி சொல்லி, ராஜம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, எனக்கு ஒத்தடத்துக்கென்று கிழித்து வைத்திருந்த பழைய பாவாடைத் துணியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன்.

ஊசியில் நூல் கோத்தபோதுதான் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. கையைக் கழுவ மறந்திருந்தேன். குழாயடி நாலடி தூரத்தில்தான் இருந்தது. இடது காலைத் தரையில் பரத்தி வைத்துக்கொண்டு, தையலை ஓட்டினேன்.