தும்மல் வீரனின் இடது கட்டைவிரல்

ஒன்பதாவது மாடியின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கும் பலகை மேல் உட்கார்ந்தபடி, ஒருவர் பெயின்ட் கொப்புளம் ஒன்றின் ஓரத்தில் இடது கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்புகிறார். கொப்புளம் உடைந்து ஒரு சில்லு கையோடு வருகிறது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். நாக்கால் ‘த்சு’ என்று ஒரு சத்தம். பிறகு அண்ணாந்து, மொட்டைமாடியில் கயிற்றுக்குக் காவல் இருக்கும் மச்சினனுக்கு அறிக்கை வாசிக்கிறார்: “செவுரு தண்ணி குடிச்சிருக்குடா.”

இருபது வருஷமாக இதே அறிக்கைதான். மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போனபோதும் கூடத்துச் சுவரைச் சுரண்டி, மோந்து, இதையே சொன்னாராம். மாமனார் இன்றுவரை அவரோடு ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. மகள் பிறந்த அன்று நர்ஸ் வெளியே வந்து “பொண்ணு” என்றபோது, இவர் வராந்தாச் சுவரிலிருந்து உரித்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். குழந்தையை வாங்க ஒரு கை போதாதே என்று நர்ஸ் அதட்டிய பிறகுதான் சில்லைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

தெருவில் அவருக்குத் தொங்கலார் என்று பெயர். உயரமான கட்டடங்களின் வெளிப்புறத்தில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பது தொழில், அதனால் தொங்கல். வயசு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, அதனால் மரியாதைக்கு ஒரு ‘ஆர்’. மேலே இருக்கும்போது ஆள் சிங்கம். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் டீ, கால் இரண்டும் ஊஞ்சலாடும். தரைக்கு வந்தால் ரொம்ப சுமார். வீட்டில் பல்பு மாட்ட நாற்காலியில் ஏறச் சொன்னால் மனைவியைக் கூப்பிடுவார். “கயிறு இல்லாம எப்படிடி ஏறுறது? விழுந்துட மாட்டேன்?”

இப்படிப்பட்டவர் ஒரு வருஷமாகப் பறந்துகொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

தொலைக்காட்சியில் வாரா வாரம் ‘தும்மல் வீரன்’ என்று ஒரு தொடர் வருகிறது. ஓர் ஆபீசில் பழைய காகிதக் கட்டுகளைத் தூசி தட்டும் அப்பாவிக் குமாஸ்தா. ஒருநாள் ஏதோ ஒரு கட்டிலிருந்த தூசி மூக்கில் ஏறி, தும்முகிறான். ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறான். அன்றிலிருந்து தும்மினால் வீரன், தும்மல் நின்றால் குமாஸ்தா. திருடனைத் துரத்தும்போது பாதி வழியில் மூக்கு சரியாகிவிடும். அதுதான் சிரிப்பு. குமாஸ்தாவாக நடிக்கும் நடிகருக்கு முதல் மாடிப் படிக்கட்டிலேயே கைப்பிடி வேண்டும். படப்பிடிப்பு நடந்த கட்டடத்துக்குத் தொங்கலார்தான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தலையைச் சொறிந்த இயக்குநர் தற்செயலாக மேலே பார்க்க, எட்டாவது மாடி உயரத்தில் ஒரு மனிதர் பலகையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு விரல் சூப்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்ன. பச்சை உடை, மஞ்சள் அங்கி, முகத்தை முழுசாக மூடும் முகமூடி. பறப்பதெல்லாம் தொங்கலார், கயிற்றுக்கு வழக்கம்போல் மச்சினன், முகமூடியைக் கழற்றி வியர்வை துடைப்பது நடிகர். நடிகரே பறக்கிறார் என்று ஊர் நம்ப வேண்டுமாம். அதனால் மாமன் மச்சினன் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: வெளியில் வாயைத் திறந்தால் அன்றோடு கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். மனைவி, மகள் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது.

தும்மும்போது உடம்பு எப்படித் தூக்கிப்போடும் என்று வீட்டில் ரகசியமாகப் பழகியதில், மனைவி பயந்துபோய் மூன்று நாள் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கவிட்டாள். அதையும் தாங்கிக்கொண்டார். காரணம் உண்டு. இருபது வருஷமும் சுவரைப் பார்த்தே தொங்கிய மனிதர் அவர். முதல் தடவையாக ஊரைப் பார்த்துத் தொங்கவிட்டார்கள். கீழே கூரைகள், காயும் துணிகள், எறும்பு மாதிரி பஸ்கள். “இத்தனை நாளா இதெல்லாம் எம்முதுகுக்குப் பின்னாடியாடா இருந்துச்சு?” என்று மச்சினனிடம் கேட்டாராம். இரண்டு நாளுக்கு வேறு பேச்சே இல்லை.

தப்பு நடந்தது நாலாவது வாரம். வீரன் பறந்துவந்து சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும், உடனே ஜன்னலை உடைத்து உள்ளே பாய வேண்டும். ஒட்டிக்கொண்ட இடத்தில், மூக்குக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். கை அதுபாட்டுக்குப் போய்விட்டது. நெம்பினார், மோந்தார், ‘த்சு’ என்றார், உச்சியைப் பார்த்து ஊருக்கே கேட்கிற குரலில் அறிக்கையும் வாசித்துவிட்டார். கீழே விளக்குப் பிடித்தவர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். இயக்குநர் அதை வெட்டவில்லை. நடிகரின் குரலை மேலே ஒட்டி அப்படியே ஒளிபரப்பிவிட்டார்.

இரண்டே வாரத்தில் ஊருக்கு அந்த நோய் தொற்றியது. கடைக்காரர் அழுகின தக்காளியை மோந்து “செவுரு தண்ணி குடிச்சிருக்கு” என்றார். பள்ளிக்கூடத்துச் சுவர்கள் பிள்ளைகளின் நகத்துக்குத் தப்பவில்லை. பேட்டி ஒன்றில் நடிகர், ராத்தூக்கம் இல்லாமல் யோசித்துத் தானே கண்டுபிடித்த பாணி அது என்று சொல்லி, வலது கையால் செய்து காட்டினார். அழகான நகம். சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்றே தெரியாத நகம்.

பாவம், தொங்கலாருக்குப் பழக்கம் நிற்கவில்லையே. ஒருநாள் வேலையிடத்தில் வழக்கம்போல் மோந்து பார்த்தபோது, குடியிருப்போர் சங்கத் தலைவர் பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்தார். “ஏய்யா, டிவி பார்த்துட்டு நீயும் ஆரம்பிச்சுட்டியா? வேலையப் பாருய்யா.”

மேலே மச்சினன் சிரித்த சிரிப்பில் கயிறே குலுங்கியது. “மாமா, உன்ன நீயே காப்பியடிக்கிறியாம்.”

இதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டார். துடைக்க முடியாதது வேறு. அஞ்சாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு சாயங்காலம் தோழிகளோடு பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இவர் தெருமுனையில் ஒரு மதில் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உங்கப்பா தும்மல் வீரன் மாதிரி நடிக்கிறாரு என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த மகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “இனிமே அப்படிப் பண்ணாதப்பா. காப்பின்னு சிரிக்கிறாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“சரிம்மா” என்றார். அன்றிலிருந்து வீட்டுக்குள் இடது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது. மேலே தொங்கும்போதும் மோந்து பார்ப்பதை விட்டார். விளைவு, மோந்து பார்க்காமல், உள்ளே ஈரம் இருப்பது தெரியாமல் பட்டி பூசிய ஒரு பக்கம் பதினைந்தே நாளில் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவை. மச்சினன் அன்று கிண்டல் செய்யவில்லை. மகளிடம் மட்டுமாவது சொல்லிவிடு மாமா என்றான். தொங்கலார் யோசித்துப் பார்த்தார். அஞ்சாம் வகுப்பில் ஒருத்திக்குத் தெரிந்தால் இடைவேளைக்குள் பள்ளிக்கே தெரியும். சொன்னால் வானம் போகும். சொல்லாவிட்டால் மகள் போவாள். இரண்டையும் இழக்க மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பல வருஷத்துக்கு முன் வாளிக் கொக்கி நசுக்கியதில், அவருடைய இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு பாதியாக வளரும். கையுறை போட்டால் கயிற்று முடிச்சு விரலுக்குத் தெரியாது என்று வீரனின் இடது கையுறையில் கட்டைவிரலை மட்டும் அவரே கத்தரித்துவிட்டிருந்தார். உடைக்காரர் திட்டியதோடு சரி. யாரும் அதை யோசிக்கவில்லை.

போன மாதம் பழைய பகுதியை மறுபடி போட்டார்கள். மகள் வீட்டுப்பாடம் எழுதியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்புளக் காட்சி வந்தது. விரல் திரை முழுக்கத் தெரிந்தது. எழுந்துபோய்த் திரையில் மூக்கு இடிக்க நின்றாள். கண்ணு கெட்டுப்போகும்டி என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். மகள் நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். அங்கே தொங்கலார் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இடது கையும் பைக்கு வெளியே இருந்தது. விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் கூசிப்போய்க் கையைத் துடைத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அப்பா, பறக்கும்போது தும்மல் வீரனுக்கு இடுப்பு வலிக்குமா?”

“இடுப்பு வலிக்காது. தொடைதான். பெல்ட்டு அங்கதான் அறுக்கும்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “வலிக்கும்னு நினைக்கிறேன்.”

“அவரு யாருன்னு யார்கிட்டயுமே சொல்ல மாட்டாரா?”

“சொல்லக் கூடாதாம்.”

“ம்.” பின்வாசற்படியில் கால் விரலால் கிறுக்கினாள். “கைய எதுக்குப் பைக்குள்ள வெச்சிருக்க? வெளிய எடு.”

எடுத்தார். பள்ளிக்கூடத்தில் இன்றுவரை ஒரு சுவர் காதுக்குக்கூட விஷயம் போகவில்லை.

போன வாரப் பகுதிக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கூடம் நிரம்பியிருந்தது. தொங்கலார் வழக்கம்போல் தரையில், மகள் பக்கத்தில். திரையில் வீரன் பத்தாவது மாடிக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது தும்மல் நின்றுவிட்டது. அந்தரத்தில் ஒரு கணம் முழித்தான். பிறகு அங்கி தலையை மூட, கைகால் உதறிக்கொண்டு, மாடி மாடியாக விழ ஆரம்பித்தான். கூடமே அதிர்ந்தது. மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் விட்டு, அப்பாவின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து இறுக்கிக்கொண்டாள். வீரன் தரையைத் தொடும்வரை விடவில்லை.