சந்தனம் குடித்த கீபோர்டு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் வேலை பார்ப்பது நான், அதற்குப் பூஜை போடுவது அவர். ஆயுத பூஜை வந்தால் மனிதருக்குக் கை நிற்காது. ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் கீபோர்டின் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்துவிட்டார். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருந்தார் வேறு.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே வடமதுரையிலிருந்து ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்தார். கிணற்றுப் பாசனம் பற்றிய அவருடைய எம்.ஃபில். ஆய்வேட்டை நான்தான் டைப் செய்திருந்தேன். வரைபடங்களோடு அது பிளாப்பியில் அடங்காததால் எங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. அன்றே பிரிண்ட் எடுத்து, பைண்டிங் செய்து, மறுநாள் மதுரையில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள்.

சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில், கீபோர்டைக் காணோம், தொடர எஃப் ஒன் பொத்தானை அழுத்து என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. கீபோர்டே இல்லையென்றால் எதை அழுத்த? ஆனாலும் அழுத்தினேன். அசையவில்லை. டெலீட்டை அழுத்தினால் உள்ளே செட்டிங்ஸ் திறக்கும், அதுவும் திறக்கவில்லை. கடையில் இருந்த புது யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகிப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் வந்த பிறகுதான் அது வேலை செய்யும். விண்டோஸே வரவில்லையே.

கணவர் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"மதர்போர்டு போயிருக்கும், கொண்டாங்க, ஃபார்மேட் பண்ணிப் பாத்துருவோம்னு சொல்றாரு" என்றார்.

"ஃபார்மேட் பண்ணா டீச்சர் எழுதுனது அம்புட்டும் போயிரும். யாரும் இதத் தொடக் கூடாது" என்றேன். என் குரல் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். டீச்சர் மட்டும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகமே இல்லை, சந்தனம்தான். கீபோர்டைக் கழற்றி ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே ஒரு பொத்தான் அழுந்தியிருந்தால், அது கீபோர்டையே நம்பாது. ஸ்பூன் காம்பால் பொத்தான்களை நெம்பி எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்தேன்.

"சாமி காரியம்" என்று முனகினார் கணவர்.

"மானிட்டர்ல ஒரு பொட்டு வைங்க, சாமிக்கு அது போதும்" என்றேன்.

காய்ந்ததும், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே கீபோர்டைச் செருகிவிட்டு, சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து டெலீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். செட்டிங்ஸின் நீலத் திரை வந்தது. யு.எஸ்.பி. கீபோர்டையும் தொடக்கத்திலேயே ஏற்கும்படி மாற்றினேன். இனி ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்றை வைத்து உள்ளே போகலாம். சேவ் செய்து வெளியே வந்தேன். விண்டோஸ் வந்தது, ஆய்வேடும் பத்திரமாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டீச்சர் அழுதுவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இது தொறக்கவே கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன். வைவாவுல புரொபசருக எதிர உக்காந்து கேள்வி கேட்டா, பதில் தெரியாம முழிச்சுக்கிட்டு நிப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒவ்வொரு பொத்தானாகக் கழுவிக்கொண்டிருக்க, இவர் எதிர்க்கட்சிக்கு வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிரிண்டரை ஓடவிட்டு, வெளியே வந்த தாளை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"பக்கத்துப் பக்கத்துக் கெணறு. ஒண்ணு வத்துது, ஒண்ணு வத்தல. ஏன் டீச்சர்?"

தாளைப் பார்க்காமலே சொன்னார். இன்னொன்று கேட்டேன். பாறை, மண், மோட்டார் என்று அதற்கும் விளக்கம் வந்தது. கண்ணைத் துடைக்கவே மறந்துவிட்டார். கடைசி வரைபடம் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது என்னைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வத்தலன்னு யாரு சொன்னா? அது லேட்டா வத்துது. நீங்க கேள்வியவே தப்பாக் கேக்குறீங்கக்கா."